இரண்டாவது கோடு

சலூன்காரருக்கு மரவேலை மேல் கொள்ளை ஆசை. கைதான் ஒத்துழைப்பதில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் மயிரிழை பிசகாத அதே கை, ரம்பத்தைப் பிடித்தால் தள்ளாடும். முதன்முதலில் செய்த முக்காலியில் வீட்டில் யாரும் உட்காரவில்லை. அது வாசலில் செருப்பு தாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மனிதர் விடுவதாக இல்லை. கடை விடுமுறை விட்டால் போதும், வீட்டின் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த அறையை ஒட்டினாற்போல் இன்னொரு அறை. அதில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. ஆயுசு முழுக்க ஓட்டியபோது ஒன்றும் ஆகாமல், பயணியாக ஏறிய அன்று படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். தங்கச்சி நர்ஸாக இருக்கிற வீடு, வேறு எங்கே போவார்?

"அண்ணன் மடியில தட்டு வச்சு சாப்பிடறாரு. கட்டில் மேல வைக்கிற மாதிரி ஒரு சின்ன மேஜை பண்ணிக் குடுங்களேன்" என்று மனைவி சொன்னதுதான் ஆரம்பம்.

மேஜைக்குக் கால் பொருத்த வேண்டும் என்றால் துளை வெட்ட வேண்டும். துளை நேராக வர வேண்டும் என்றால் கோடு நேராக இருக்க வேண்டும். பென்சிலும் அடிக்கோலும் வைத்து அவர் போட்ட கோடுகள் ஆளுக்கொரு திசையில் போயின. அப்போதுதான், ஓரத்தை ஒட்டியே ஓடிக் கோடு கிழிக்கிற கட்டை ஒன்றைச் சொந்தமாகச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

சாமான் எளிதுதான். உடைந்த நாற்காலியின் குறுக்குச் சட்டத்தை இழைத்துச் சதுரத் தண்டாக்கினார். பழைய கதவுத் துண்டில் உள்ளங்கைக்கு அடங்கும் கட்டை ஒன்றை அறுத்து, நடுவில் இரண்டு பக்கமிருந்தும் உளி போட்டுச் சதுரத் துளை எடுத்தார். தண்டு அந்தத் துளைக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஆப்பைத் தட்டினால் அசையாமல் நிற்க வேண்டும். தண்டின் நுனியில் கீறுகிற கூர் ஒன்று. அதற்குத்தான் தொழில் கைகொடுத்தது. முனை உடைந்த சவரக்கத்தியிலிருந்து நகத்தளவு துண்டை எடுத்து, சாணைக்கல்லில் தேய்த்து, தண்டில் கீறிய பிளவுக்குள் இறுக்கினார். கட்டையை ஓரத்தோடு அணைத்து இழுத்தால், கூர் அந்த ஓரத்துக்கு இணையாகக் கோடு கிழித்துக்கொண்டே போகும்.

"என்ன மாப்ள, கப்பல் கட்டியாச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

"இன்னும் நங்கூரம்தான் பாக்கி மச்சான்."

வேலை செய்யும் மேஜை மேலேயே கட்டையைச் சோதித்துப் பார்த்தார். அந்த மேஜை இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டது. முன்பலகை நாலு விரல் அகலம். தரையில் ஊன்றிய கால்களின் மேல் கிடந்தது. பின்பலகை அகலமானது, சுவரில் அடித்த இரும்புத் தாங்கிகளில் முடுக்கியிருந்தது. முன்பலகையின் வெளி ஓரத்தில் கட்டையை அணைத்து, அதைத் தாண்டிப் பின்பலகையில் கூர் பதியும்படி ஆப்பை இறுக்கி, ஒரே இழுப்பாக இழுத்தார். வெள்ளைக் கோடு ஒன்று அம்பு மாதிரி விழுந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. ஆப்பைத் தொடாமல் அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கட்டை புராணம்தான்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்புமுன், ஆசைக்கு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதே அளவு, அதே ஓரம். கூர் நேற்றைய கோட்டுக்குள்ளேயே விழுந்து ஓடியிருக்க வேண்டும். இடது கோடியில் அப்படித்தான் ஓடியது. பாதி தூரம் போனதும் கோட்டை விட்டு வெளியே வந்தது. வலது கோடியில் இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

"சே, ஆப்பு வழுக்குது" என்று முணுமுணுத்தார். சாயங்காலம் வந்து வேறு ஆப்பு சீவினார், இன்னும் இறுக்கமாக. புதுக்கோடு ஒன்றைக் கிழித்தார். மறுநாள் பார்த்தால் அதுவும் விலகியிருந்தது. அதே வலது பக்கம், அதே மாதிரி. பிறகு துளை தொளதொளவென்று இருக்கிறது என்று தண்டின் பக்கங்களில் மெல்லிய மரச்சீவலை ஒட்டினார். கூரைக் கழற்றி மறுபடி பொருத்தினார். விடிந்து பார்த்தால் மறுபடியும் விலகல், முன்னைவிட அதிகம். பலகைகள் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கீற்றும் தெரிந்தது. மரம் காய்ந்து சுருங்குகிறதாக்கும் என்று அவரே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"சவரம் பண்றவனுக்கு எதுக்கு தச்சு வேலை? பேசாம அந்தக் கட்டையால எனக்கு முதுகு சொறிஞ்சு விடு, புண்ணியமா போகும்" என்றார் மச்சான். நர்ஸம்மாவும் சிரித்தாள். சலூன்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று அவர் செய்த காரியம் சாதாரணமானது. கட்டை மேல் குற்றமா இல்லையா என்று தீர்த்துவிடலாமென்று, மேஜையில் இல்லாத தனிப்பலகை ஒன்றை எடுத்து அதன் மேல் கோடு கிழித்தார். அதே அளவை வைத்துக்கொண்டு மேஜை மேலும் கிழித்தார். ஆப்பைத் தொடாமல் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் தனிப்பலகையில் இழுத்தார். கூர் பழைய கோட்டுக்குள் விழுந்து கடைசிவரை பிசகாமல் ஓடியது. மேஜைக்கு வந்தார். இடது கோடியில் ஆரம்பித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். வலது கோடியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு நெல்லைப் படுக்க வைக்கலாம் போலிருந்தது.

கட்டையில் பிழை இல்லை. அவர் செய்த பொருள்களிலேயே பிழை இல்லாத பொருள் அது ஒன்றுதான். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே கரைந்தது. முன்பலகை தரையில் நிற்கிறது. பின்பலகை சுவரில் நிற்கிறது. கட்டை சரியென்றால், சுவர் போகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு பழைய கிடங்கு ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க இயந்திரச் சத்தம். அலமாரிக் கண்ணாடிகள் அதிரும். தெருவில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. சலூன்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருந்தது. கண்ணுக்கு ஒரு விரிசல்கூட இல்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

நேரே குழிக்குப் போய் மேற்பார்வைக்காரனைப் பிடித்தார். தலைக்கவசத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே அவன் முழுவதையும் கேட்டான்.

"அண்ணே, உங்க கோடு விலகுதுன்னு நான் வேலைய நிறுத்த முடியுமா? எல்லாம் முட்டுக் குடுத்துத்தான் தோண்டறோம். போய் நிம்மதியா கடையத் திறங்க" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் உடனே நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"என் கண்ணு முன்னாடி இழுங்க" என்றாள்.

இழுத்தார். குழியில் இயந்திரம் உறுமியது. காலுக்குக் கீழே தரை நடுங்கியது. உறுமல் ஓய்ந்ததும், "மறுபடி இழுங்க" என்றாள். இழுத்தார். காலையில் கிழித்த கோட்டையும் விட்டு விலகிக் கூர் இந்தப் பக்கம் விழுந்தது. இந்த முறை இடது கோடியும் சேர்ந்து விலகியிருந்தது. அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து பக்கத்து அறைப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணனோட கட்டில் இந்தச் சுவர ஒட்டித்தான கிடக்குது" என்றாள்.

மச்சானிடம் சொன்னதுதான் தாமதம், மனிதர் பிடித்துக்கொண்டார். "கோடு விலகிச்சாம், வீட்ட விட்டு ஓடணுமாம்! நல்லா இருக்குடா கதை. ஊர்ல சொன்னா வழிச்சிட்டுச் சிரிப்பாங்க. நான் எங்கேயும் வரல. மல்லுக்கட்டித் தூக்கினா இன்னொரு காலும் உடையும், ஆமா."

தங்கச்சி கெஞ்சினாள், அதட்டினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆளோ மலை மாதிரி. அவர் விருப்பமில்லாமல் நகர்த்த முடிகிற உடம்பில்லை. அப்போது அவர் தலைமாட்டில், வெள்ளைச் சுவரிலிருந்து சுண்ணாம்புப் பொடி சன்னமாகத் தலையணையில் உதிர்ந்தது. அவர் கவனிக்கவில்லை. சலூன்காரர் கவனித்தார்.

சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார். "சரி விடுங்க மச்சான். நம்ம பேச்ச யாரு கேக்கறா. ஆனா உங்க தாடியப் பாத்தீங்களா? நாளைக்குக் கட்டுப் பிரிக்கப் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வர்றாராம். பிச்சைக்காரன் மாதிரியா போய் நிப்பீங்க? கடைக்கு வாங்க, வெந்நீர் ஒத்தடம் குடுத்து ஜம்முனு மழிச்சு விடறேன். கண்ணாடியில பாத்துக்கிட்டே பண்ணலாம்."

மச்சானுக்கு அழகு விஷயத்தில் ஒரு பலவீனம் உண்டு. பேருந்து ஓட்டிய காலத்திலேயே பக்கக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொள்கிறவர். தாடையைத் தடவிப் பார்த்தார். "மீசையில கை வைக்கக் கூடாது" என்றார்.

"தொடவே மாட்டேன்."

சக்கர நாற்காலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்போது நர்ஸம்மா நின்றுவிட்டாள். "நீங்க போங்க" என்றாள்.

"நீ எங்க?"

"குழிக்குள்ள ஆளுங்க இருக்காங்க. நம்ம சுவரு எங்க விழும்னு நெனச்சீங்க? வீட்டுக்குள்ளயா விழும்?"

மச்சானைக் காப்பாற்றும் அவசரத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் வெள்ளைச் சீருடையோடு தெருவில் ஓடுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டு, நாற்காலியைத் தள்ளினார்.

கடையில் சலூன்காரர் வெந்நீரை மறந்து பச்சைத் தண்ணீரிலேயே மச்சானின் முகத்தில் நுரை பூசினார். "என்ன மாப்ள, ஐஸ் கட்டியா பிடிச்சிட்டு வந்த?" என்று மச்சான் கேட்டார். கத்தியைக் கன்னத்தில் வைத்தார். காது முழுக்கத் தெருப் பக்கமே இருந்தது. இயந்திரச் சத்தம் நின்றது. அவருக்கு மூச்சு வந்தது: பேச்சைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு கன்னம் முடிந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெரிய லாரி ஒன்று கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது கொட்டி முடியவே இல்லை. கண்ணாடி அதிர்ந்தது. பிறகு வெளிச்சம் மங்கித் தெரு முழுக்கப் புழுதி வந்தது.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

வீட்டின் முன்பக்கம் ஒன்றும் நடக்காதது போல் நின்றது. கதவு, முக்காலி, செருப்புகள் எல்லாம் இருந்தன. கதவைத் தள்ளினார். கூடத்துக்கு அப்பால் வானம் தெரிந்தது. பின்னறைகள் இரண்டும் இல்லை. கட்டில் குழியின் பாதிச் சரிவில் கால் மேலாகக் கிடந்தது. மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

அவள் குழியின் எதிர்க்கரையில் இருந்தாள். தலையிலிருந்து கால்வரை புழுதி. அவளைச் சுற்றி வேலையாட்கள் இருமிக்கொண்டு நின்றார்கள். முதலில் யாரும் அவள் பேச்சைக் கேட்கவில்லையாம். போன மாதம் கையை நசுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு சித்தாள்தான், "கட்டுப் போட்டு விட்ட அக்கா சும்மா சொல்லாது, எந்திரிங்க" என்று மண்வெட்டியை வீசிவிட்டு ஏறியிருக்கிறாள். அவள் பின்னாலேயே மற்றவர்கள் ஏறியிருக்கிறார்கள். இயந்திரம் ஓட்டியவன் கடைசியாகக் குதித்தான். இயந்திரம் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. மேற்பார்வைக்காரனும் தெரியவில்லை, அவன் முன்னதாகவே கம்பி நீட்டிவிட்டான்.

சலூன்காரர் அவள் தோளைப் பிடித்தார். அவளோ அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பக்கத்துக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியின் இன்னொரு ஓரத்தில் தையல்காரரின் மாடி வீடு. சத்தம் கேட்டு அவர் குடும்பமும் குடியிருப்பவர்களும் பின்மாடத்துக்கு வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கக் கைப்பிடி கொள்ளாத கூட்டம். கைப்பேசிகளை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற மாடத்துக்கு நேர் கீழே, சுவரின் அடியிலிருந்து மண் சின்னச் சின்னக் கட்டியாகக் குழிக்குள் உருண்டுகொண்டிருந்தது.

"இறங்குங்க! வெளிய வாங்க!" என்று இருவரும் கத்தினார்கள். வீடு போன துக்கத்தில் புலம்புகிறார்கள் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்" என்று தலையை ஆட்டினாள்.

சலூன்காரர் சுற்றிக்கொண்டு ஓடி, படியேறி, ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கையைப் பிடித்து இழுத்தார், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தையல்காரர், "என் வீட்டுல ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அன்று காலைவரை தன் சுவரிலும் ஒரு கீறல் இல்லை என்று சொல்லச் சலூன்காரருக்கு மூச்சு போதவில்லை. நர்ஸம்மா வந்துதான் அவரை ஒரு தள்ளு தள்ளி வெளியே கொண்டுவந்தாள்.

அன்று அந்த வீடு விழவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், கயிறு கட்டினார்கள், தெருவையே அடைத்தார்கள். பாதி முகம் மழித்த மச்சானைப் பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் தள்ளிக்கொண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினான். தன் கட்டில் கிடந்த இடத்தை அவர் பார்த்தார். நுரை கன்னத்தில் காய்ந்து வெடித்திருந்தது. தங்கச்சியின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தையல்காரர் மடியில் ஒரு துணி மூட்டையோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். சற்றுநேரம் கழித்து சலூன்காரர் பக்கம் திரும்பினார். குரலில் பழைய சூடு இல்லை.

"மிஷின் உள்ள இருக்கு. நாளைக்கு ஒரு கல்யாணத் துணி குடுக்கணும். எப்ப உள்ள விடுவாங்க?"

சலூன்காரர் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல் ஒன்று காற்றே இல்லாமல் மெல்லத் திறந்தது. சட்டத்தோடு ஒட்டாமல் அப்படியே நின்றது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க" என்றார்.