கூடாரம் போட்ட தரை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக்கையோடு ஓடினேன். நடு ஹாலில் ஒரு வரிசை டைல்ஸ் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கூடாரம் போட்டு நிற்கிறது. போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. காலால் அழுத்திப் பார்த்தேன். உட்காரமாட்டேன் என்கிறது.

என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். இரண்டு மாதமாக மகள் வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதாகப் பேச்சு. பழைய சிமெண்ட் தரை குண்டும் குழியுமாக இருக்கிறதே, அவள் கால் தடுக்குமே என்றுதான் டைல்ஸே போட்டேன்.

சாயங்காலம் அவளுக்குக் கட்டில் கொண்டுவந்து போட மாப்பிள்ளை வந்தார். தரையைப் பார்த்ததும் கட்டிலை விட்டுவிட்டு நாலு போட்டோ எடுத்தார்.

"மாமா, இதுல அத்தை கால் வெச்சா என்ன ஆகும்? பேசாம எங்ககூடவே இருக்கட்டும். நீங்களும் வந்துடுங்க. எதுக்கு இந்த வீடு?"

இனிக்க இனிக்கத்தான் பேசினார். எனக்கு விளங்காதா? இந்த வீட்டைப் பூட்டவேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் எண்ணம். இப்போது தரையும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்கிற மாதிரி பண்ணிடுவேன். நீங்க கூட்டிட்டு வாங்க."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னா அவ வரவேண்டாம்!"

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது?

மறுநாள் காலையில் டைல்ஸ் மேஸ்திரிக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏமாற்றுக்காரன் எப்படி எடுப்பான்? அவன் வேலை செய்கிற கட்டடத்துக்கே போனேன். இரண்டாவது மாடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யோவ், போனை எடுக்க உனக்குக் கை இல்ல?"

"கையெல்லாம் கலவை, பெரியவரே."

"அந்தக் கலவையை என் வீட்டுல போட்டிருந்தா நான் ஏன்யா இங்க வரேன்?"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினான். டொப், டொப் என்று காலி டப்பாச் சத்தம். ஒன்றைப் பெயர்த்தான். அடியில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று, ஐந்து உருண்டை கலவை. மற்ற இடமெல்லாம் காற்று.

"என்னய்யா இது? கோழிக்குத் தீனி வெச்சியா?"

"கொஞ்சம் அவசரத்துல..."

"நான்தான் நாற்காலியைப் போட்டு உன் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே!"

"நீங்க டீ போட உள்ள போனப்போ ஒட்டினது, ஐயா."

கையில் தடி இருந்திருந்தால் அன்றைக்கு அவன் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அவன் அடுத்ததைப் பெயர்த்தான். அதில் கலவை முழுசாக இருந்தது. அதுவும் தூக்கித்தான் இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான். எழுந்து சுவரோரம் போய், சுவரின் அடியில் ஒட்டியிருந்த அடிப்பட்டையை உளியால் தட்டிக் கழற்றினான்.

"இங்க ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தேனே. வெயிலுக்கு டைல்ஸ் விரியும், நகர இடம் வேணும். யாரு இதை அடைச்சது?"

அவன் குனிந்து பார்த்தான். "சிமெண்டை யாரோ கட்டை விரலால அழுத்தியிருக்காங்க."

"எறும்பா இருக்கும்."

"எறும்புக்கு இவ்வளவு பெரிய கட்டை விரலா?"

நான்தான் அடைத்தேன். அவன் அடிப்பட்டை ஒட்டுவதற்கு முதல் நாள், அவன் போன பிறகு, நாலு சுவரோரமும் அந்த இடைவெளியைப் பார்த்தேன். டைல்ஸைக் குட்டையாக வெட்டிவிட்டு, மேலே பட்டையை ஒட்டி மறைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மிச்சம் கிடந்த சிமெண்டைக் குழைத்து, இடுப்பு ஒடிய இரண்டு மணி நேரம் அடைத்தேன். மறுநாள் அவனும் அவசரத்தில் குனிந்து பார்க்காமலே பட்டையை ஒட்டிவிட்டான்.

"இடம் விடறவன் சொல்லிட்டு விடணுமா, வேண்டாமா?" என்று கத்தினேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"நம்பியிருக்க மாட்டேன். அதுக்காகச் சொல்லாம இருப்பியா? அப்புறம் அந்த அஞ்சு உருண்டை? அதுவும் எறும்பு வெச்சதா?"

அவன் பெயர்த்த டைல்ஸை ஓரமாக வைத்தான். எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஆகவேண்டும், திரும்ப ஒட்டிக் காயப் பத்து நாள் ஆகும் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்.

என் மனைவி அப்போது பார்த்துப் போன் பண்ணினாள். மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியிருக்கிறார்.

"என்னங்க பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணினேன்? இந்த ஆளு..."

"நீங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்."

சொன்னேன். நாற்பது வருஷத்தில் அவளிடம் இப்படி ஒன்றை நான் சொன்னதில்லை. அவள் நேராக அடுத்த கேள்விக்குப் போனாள்.

"டைல்ஸை எடுத்தா கீழ என்ன இருக்கு?"

"பழைய தரை. டைல்ஸ் பிடிக்கக் கொத்தி விட்டது."

"அது வெடிக்குமா?"

"வெடிக்காது."

"அப்ப எடுங்க."

அன்றும் வியாழக்கிழமை மத்தியானம் வரையும் அவன் பெயர்த்தான், நான் சுமந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டேதான் வேலை பார்த்தோம். கடைசியில், வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் மட்டும் சிமெண்ட் பூசி ஒரு வழி போட்டுத் தருகிறேன் என்றான்.

"வாக்கர் எவ்வளவு அகலம்?"

எனக்குத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னேன். அதைவிட ஒரு முழம் அதிகமாகவே பூசினான். ரொம்ப வழவழப்பாக்காமல் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டான். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள், "வழுக்கக்கூடாது, அதுக்குத்தான். இதையும் தேய்ச்சு வெக்காதீங்க" என்றான். வெள்ளி, சனி இரண்டு நாளும் தண்ணீர் தெளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு என் மனைவி வந்தாள். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். "மாமா, இது தரையா? இதுல எப்படி அத்தை நடப்பாங்க?"

"நீங்க நகருங்க மாப்பிள்ளை" என்றாள் அவள். வாக்கரை முன்னே வைத்தாள். ரப்பர் கால் தரையைக் கவ்விப் பிடித்தது. ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. மகள் பிடிக்கப் போனாள். தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பதினான்கு அடி. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சுவரோரம் அடுக்கியிருந்த டைல்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நான் ரெண்டு கத்தியிருப்பேன்.

"சரி அத்தை, பாத்தாச்சு இல்ல, கிளம்பலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"என் துணிப்பை வண்டியிலயா இருக்கு?"

"ஆமா அத்தை."

"எடுத்துட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். வீட்டைப் பூட்டப் பார்த்தாரே என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

"பூசின வழியிலயே நடந்து போங்க மாப்பிள்ளை. ஓரத்துல உடைசல் கிடக்கு" என்றேன்.