சக்பலியில் வெண்ணெய் கரைய மறுத்த வருடம்

மழை பிந்திய அந்த வருடத்தில் சக்பலி கிராமத்தில் ஷியா மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய் கரைவதை நிறுத்திக்கொண்டது. அடுப்பில் வைத்தாலும் கூழாங்கல் மாதிரிக் கிடந்தது. ஊர்த்தலைவர் வீட்டுக் குழம்புச் சட்டியில் போட்ட உருண்டை நாள் முழுக்கக் கொதித்துவிட்டு, போட்டபடியே வெளியே வந்தது. அந்த வருடம் சோளம் விலை ஏறியது, கினிக்கோழிகள் சரியாக முட்டையிடவில்லை, வெண்ணெய் கரையவில்லை. டமாலே சந்தையில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார்கள்.

காரணம் வும்பினிக்குத் தெரியும். அவள் கணவனை இழந்தவள், வெண்ணெய் அடிக்கும் பெண்களுக்குத் தலைவி, வாய் நீளம் என்று பெயரெடுத்தவள். மரத்திலிருந்து தானாக விழுந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையை வேகவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்து, அந்தக் கரிய கூழில் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டு அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் அது வெளுத்துத் திரண்டு மேலே வரும். தோள்பட்டை கழன்றுபோகிற வேலை. அதனால்தான் அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களைக் கடந்து போகிற எவரும், தலைவரே ஆனாலும், நின்று 'கைக்கு வணக்கம்' என்று சொல்லியாக வேண்டும். செய்கிறவர்கள் நிமிராமலே, வணக்கத்தை ஏற்றுக்கொண்டதாக, 'நா' என்பார்கள். திருடன்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் திருடப் போவான்.

சுமானி சொல்லவில்லை. அவன் வெண்ணெயை வாங்கிக் கடல் கடந்த சாக்லேட் கம்பெனிக்கு அனுப்பும் முகவர். அன்று போனைக் காதில் வைத்தபடியே முற்றத்துக்குள் வந்தான், பானையில் விரலை விட்டு ஒரு கிள்ளு எடுத்து முகர்ந்தான், ஏற்றச் சொல்லி லாரிக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினான், போய்விட்டான். அவன் அம்மாவும் இதே வேலை செய்து அவனை ஆளாக்கியவள்தான். அதுதான் வும்பினியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஊர் வெண்ணெய் மொத்தமும் இறுகிவிட்டது.

லாரியில் போன வெண்ணெய் எந்திரங்களுக்கு மட்டும் அடங்கிக் கரைந்தது. எந்திரத்துக்கு என்ன மரியாதை தெரியும் என்று விட்டுவிட்டது போலிருக்கிறது. அந்த வருடம் கோக்கோ வெண்ணெய் யானை விலை குதிரை விலை விற்றதால், கம்பெனி அதோடு ஷியாவையும் கலந்து வார்த்து, உறையில் எறும்பு அளவு எழுத்தில் 'தாவரக் கொழுப்பு' என்று போட்டு விற்றது. வாயில் போட்டவர்களுக்குத்தான் கரையவில்லை. கம்பெனி இருந்த நகரத்து நீதிபதி ஒருவர் குளிர்காலம் முழுவதும் கன்னத்தில் சாக்லேட் துண்டை அடக்கியபடியே தீர்ப்புச் சொன்னார். அதையே வாயில் போட்டிருந்த ஒரு மணப்பெண்ணுக்கு 'சம்மதம்' என்ற சொல் வாயை விட்டு வராததால் கல்யாணம் தள்ளிப்போனது. கம்பெனி ஷியாவை விட்டுவிட்டுச் செம்பனைக் கொழுப்பைக் கலந்து பார்த்தது. சாக்லேட் மேலெல்லாம் வெள்ளை பூத்துச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. யாரும் தொடவில்லை.

சுமானி திரும்பி வந்தான். இந்த முறை நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனான். ஊர் கூடியது. தலைவர் பசுத்தோல் மேல் உட்கார்ந்து, கோலா கொட்டையை மென்றபடி சொன்னார். "வும்பினி, மரம் நிக்கிற நிலத்தைப் பிரிச்சுக் குடுக்கிறவன் நானு. உன் பங்கை வேற ஒருத்திக்குக் குடுக்க எனக்கு ஒரு வார்த்தை போதும். நீ போட்ட மந்திரக் கட்டை அவிழ்த்து விடு."

"நான் ஒண்ணும் கட்டலீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவரு அங்க நிக்கிறாரு."

கூட வேலை செய்யும் சனாத்து அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, எவன் வாயில கரைஞ்சா நமக்கென்ன, கரையாட்டி நமக்கென்ன? லாரி வரலேன்னா புள்ளைங்களுக்குக் களி கிண்ட மாவு இருக்காது."

வும்பினிக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்த மரங்கள்தான் அவளுக்குச் சோறு. பெண்களும் கைவிட்டால் அவள் தனி மரம். ஆனாலும் அவள் சுமானியிடம் கை நீட்டினாள். "பையில அந்தச் சாக்லேட் இருக்குமே? வாயில போடு தம்பி."

போட்டான். கல்லாகக் கிடந்தது.

"இப்பச் சொல்லு. உங்கம்மா பானை முன்னாடி எப்படிச் சொல்லுவியோ அப்படி."

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கோலா கொட்டையைப் பார்த்தார். கோட்டுப் போட்டவன், ஊரே பார்க்கக் குந்தி உட்கார்ந்து "கைக்கு வணக்கம்" என்றான். "நா" என்றாள் வும்பினி. சாக்லேட் கரைந்து அவன் கடைவாயில் வழிந்தது. அவன் கண்ணும் வழிந்தது, அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"கம்பெனிக்கும் சேர்த்து நானே சொல்லிட்டேன், சின்னம்மா. முடிஞ்சுதா?"

"உனக்குப் பதிலா நான் தின்னா உன் வயிறு ரொம்புமா? திங்கிறவன் எவனோ அவன் சொல்லணும். சொல்றதுக்குப் பேரும் தெரியணும். தாவரக் கொழுப்பாமில்ல? உன்னை யாராச்சும் 'ரெண்டு கால் பிராணி'ன்னு எழுதி ஒட்டினா சும்மா இருப்பியா?"

முதலில் சிரித்தவள் சனாத்து. சிரித்துவிட்டு எழுந்து வந்து வும்பினியின் பக்கத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்து நின்றார்கள். எல்லோருடைய பங்கையும் பிடுங்கினால் வெண்ணெய் அடிக்கத் தன் மனைவிமார்தான் மிஞ்சுவார்கள் என்பது தலைவருக்குப் புரிந்தது. அவர்களும் எழுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி இரண்டு வருடம் வீம்பு பிடித்தது. சக்பலியில் அந்த இரண்டு வருடமும் களி தண்ணியாகத்தான் இருந்தது, வும்பினி காதணியை விற்றாள், ஒருத்தியும் வாக்கு மாறவில்லை. மூன்றாம் வருடம் உறையில் ஷியா என்ற பேரும் ஊர்ப் பேரும் கோக்கோவுக்குச் சமமான எழுத்தில் வந்தன. கீழே, பிரிப்பதற்கு முன் சொல்ல வேண்டிய 'கைக்கு வணக்கம்' என்பதும் இருந்தது.

இப்போது அந்த நகரத்தில் டிராமில் போகிறவர்கள்கூட உறையைப் பிரிக்கும் முன் லேசாகத் தலை குனிந்து சொல்கிறார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிவதில்லை. இங்கே முற்றத்தில் அடித்துக்கொண்டிருக்கும் பெண்கள், பேச்சை நிறுத்தாமல், நிமிராமல், கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒவ்வொரு வணக்கத்துக்கும் 'நா' என்கிறார்கள். அந்த நகரத்துக்காரர்களின் பண்டிகை மாதத்தில் ஓயாமல் 'நா' சொல்லித் தொண்டை கட்டிக்கொள்வதால் பக்கத்தில் இஞ்சித் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஒருத்தி ஒருநாள் அவசரப்பட்டு 'நா' சொல்ல வாயைத் திறந்தபோது வும்பினி கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இவனுக்குச் சொல்லாத. வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறான். தெளிவாச் சொல்ற வரைக்கும் கெடக்கட்டும்."