கடல்வெள்ளிக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

வாங்கிய பொருளைப் பற்றி நாலு வரி எழுதாவிட்டால் ஜெபசுதாவுக்குத் தூக்கம் வராது. சாயர்புரத்தில் நூலகர் வேலை. மாதம் இரண்டு நாவலாவது இணையத்தில் வாங்குவாள். படித்து முடித்த கையோடு, கதை எங்கே இழுத்துப் பிடித்தது, எங்கே ஏமாற்றியது என்று அந்தக் கடைப் பக்கத்திலேயே எழுதி, அதற்கேற்ப நட்சத்திரமும் போட்டுவிடுவாள். அவள் எழுதியதைப் பார்த்துத்தான் நாவல் வாங்குகிறோம் என்று முகம் தெரியாத பலர் பதில் போடுவார்கள். அவள் கணவன் கிங்ஸ்டன் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "எழுதுனவனே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்" என்று சிரிப்பான்.

மே மாதத்தில் ஒரு நாவலோடு சேர்த்துத் தரை துடைக்கிற லோஷன் ஒன்றையும் வாங்கினாள். பெயர் கடல்வெள்ளி. ஆறுமுகநேரிக்குப் போகிற ரோட்டில் ஒரு ஷெட்டில் தயாராகிற சரக்கு. குழந்தை தவழும் தரைக்கு உகந்தது என்று பாட்டிலில் போட்டிருந்தது. வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றி, வெறுங்காலோடு துடைக்க ஆரம்பித்தாள். பாதிக் கூடம் தாண்டுவதற்குள் தொண்டை கமறியது. சாயந்தரம் இரண்டு உள்ளங்காலிலும் தோல் வெந்து கழன்றுவிட்டது. ஆசிட்டில் வாசனையைக் கலந்து விற்கிறார்கள் என்றார் டாக்டர்.

அன்றைக்கே ஒரு நட்சத்திரம் போட்டு, பாதத்தின் படத்தோடு நடந்ததை எழுதினாள். இரண்டே வாரத்தில் நாற்பது பேர் தங்கள் கையையும் காலையும் படமெடுத்துக் கீழே போட்டார்கள். இணையக் கடை கடல்வெள்ளியை விற்பனையிலிருந்து தூக்கியது.

அடுத்த சனிக்கிழமை மதியம், "பார்சல்" என்று வாசலில் ஒரு குரல். கிங்ஸ்டன் கதவைத் திறந்தான். திறந்த வேகத்தில் அவன் தாடையில் ஒரு இரும்புக் குழாய் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுக்களையில் நின்ற ஜெபசுதாவுக்கே கேட்டது. அவள் நொண்டிக்கொண்டு ஓடி வந்தபோது கிங்ஸ்டன் தரையில் கிடந்தான். வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் கொட்டியிருந்தன.

குழாய் வைத்திருந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் ஐந்து லிட்டர் கேன். உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டார்.

"நான்தான் செந்தூர்வேல். கடல்வெள்ளி எஞ்சரக்கு. நீ ஆர்டர் போட்ட விலாசத்துக்குத்தான வந்துருக்கேன்? எழுதுனத அழி, ஏளா."

"எங்காலப் பாத்தீரா? இத எப்படி அழிக்கச் சொல்லுதீரு?"

"கதப் புஸ்தகம் படிக்கவளுக்கு லோஷனப் பத்தி என்னளா தெரியும்?"

"எத்தன நாவலுக்கு ஒத்த நட்சத்திரம் போட்டிருக்கேன். எழுதுனவன் ஒருத்தனாச்சும் வீடேறி வந்து அடிச்சிருக்கானா?"

செந்தூர்வேல் கேனைக் கீழே வைத்துவிட்டு, அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. மூக்கு உடைந்தது. அவளைக் கீழே தள்ளி, வலது கையைத் தரையோடு முழங்காலால் அழுத்திக்கொண்டார்.

"எழுதுன கைதான இது? ஏலே இசக்கிராஜா, கேனத் தொறந்து ஊத்துலே."

குழாயைப் போட்டுவிட்டுக் கேனைத் தூக்கிய இசக்கிராஜா அப்படியே நின்றான். அவன் விரல்களில் நகமே இல்லை என்பதை ஜெபசுதா அப்போதுதான் பார்த்தாள். ஆறு வருடமாக அந்த ஷெட்டில் பாட்டில் நிரப்புகிறவன்.

"வேண்டாம் அண்ணாச்சி. மெரட்டிட்டு வருவோம்னுதான சொன்னிய."

"ஊத்துலேன்னா!"

"இது மேல பட்டா எப்படி இருக்கும்னு ஒமக்குத் தெரியாது."

செந்தூர்வேல் எட்டிக் கேனைப் பிடுங்கப் பார்த்தார். இழுபறியில் மூடி கழன்று, கேன் முழுவதும் அவர் தொடையிலேயே கொட்டியது. அலறிக்கொண்டு எழுந்தவர் காலிக் கேனால் இசக்கிராஜாவின் முகத்தில் அடித்தார். அவன் அவர் கழுத்தைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினான். அலமாரி சாய்ந்து, நாவல்கள் அவர் மேல் பொலபொலவென்று விழுந்தன.

கீழே கிடந்த குழாயை ஜெபசுதா எடுத்தாள். முதல் அடி அவர் மணிக்கட்டில். அவர் கதறினார். அடுத்தது முட்டியில். அதற்குப் பிறகு எங்கே விழுகிறது என்று அவள் பார்க்கவில்லை. அவர் கதறுவது நின்ற பிறகும் அடித்தாள். உடம்பு முழுக்க ஒரு வெறி; அது பிடித்துமிருந்தது. இசக்கிராஜா குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்க்கா. செத்துருவான்."

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் டீச்சர் கதவைத் தட்டிக் கத்துவது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

செந்தூர்வேல் பிழைத்தார், ஆனால் வலது கால் மடங்காது என்றார்கள். ஷெட்டுக்கு சீல் வைத்து, இசக்கிராஜாவைக் கைது செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் ஜெபசுதா ஒன்றையும் மறைக்கவில்லை. இசக்கிராஜா கிங்ஸ்டனை அடித்ததைச் சொன்னாள். அவன் ஊற்ற மறுத்ததைச் சொன்னாள். விழுந்து கிடந்தவரைத் தான் நிறுத்தாமல் அடித்ததையும் சொன்னாள்.

"கடைசியில சொன்னது ஒங்களுக்கே பாதகமா வரும்மா. எழுதணுமா?"

"எழுதுங்க சார்."

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த கிங்ஸ்டன் போனில் எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். 'என் பல்லப் பேத்தவனுக்கு நீ சாட்சியா?' அதன்பிறகு பத்து நாள் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் ஊட்ட வந்தால் கஞ்சியைத் தானே வாங்கிக் குடித்தான்.

பதினோராம் நாள் போனை நீட்டினான். 'அவனுக்கு ஜாமீன் எடுக்க ஆள் இருக்கா?'

"பொண்டாட்டி மட்டும்தான். ஷெட்டு மூடுனதுல அவளுக்கும் வேல போச்சு."

கிங்ஸ்டன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு எழுதினான்: 'நான் மன்னிக்கல. ஆனா வக்கீலப் பாரு.'

அவள் வீங்கிய மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.