பம்ப் அறையில் ஓர் 'ஏங்க'

பழச்சாறு தொழிற்சாலையின் பராமரிப்பு ஃபோர்மேனுக்கு எந்த இயந்திரத்தைக் கண்டும் பயமில்லை. கூட்டம் என்றால்தான் பயம். அப்படிப்பட்டவரைப் பிடித்து, பக்கத்துப் பாலிடெக்னிக் கல்லூரியோடு சேர்ந்து ஆறு மாதப் பயிற்சி வகுப்பு தொடங்கப் போகிறோம், பாடத்திட்டக் குழுவில் தொழிற்சாலை சார்பில் நீங்கள்தான் என்று மேலாளர் அனுப்பிவைத்தார். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பட்டயம் இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர் ஃபோர்மேன்தானே.

முதல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வேகமாக உள்ளே வந்தார். துறைத்தலைவர் திடீர் விடுப்பாம், அவருக்குப் பதிலாக இந்த விரிவுரையாளர். எல்லோரும் எழுந்தார்கள். ஃபோர்மேனும் எழுந்தார். எழுந்த வேகத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"வணக்கம் மேடம்."

வந்தவர் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தார். "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் ஃபோர்மேனின் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மாள் கைப்பையை வைத்தது வைத்தபடி கேட்டார். "கட்டின பொண்டாட்டிய யாராவது மேடம்னு கும்பிடுவாங்களா?"

"எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன். வாயில அதுதான் வந்துச்சு. நீயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அப்படிக் கும்பிட்ட பிறகு இவர்தான் என் வீட்டுக்காரர்னு சொன்னா, நம்மள என்னன்னு நெனைப்பாங்க?"

நியாயமான கேள்விதான். அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று முடிவானது. அடுத்த கூட்டத்திலோ இருவரும் சண்டை போட்டார்கள். சண்டைக்கு நடுவே எப்படிச் சொல்வது? அம்மாள் அந்தக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எந்தப் பக்கத்திலும் யாருக்கும் தெரியாது.

சண்டை பாடத்திட்டத்தைப் பற்றியது. வெப்பத்தால் உலோகம் விரிவதைப் பற்றி அம்மாள் பன்னிரண்டு மணி நேரப் பாடம் போட்டிருந்தார். ஃபோர்மேன் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மேடம், இரும்பு சூடானா பெருசாகும். இதச் சொல்ல பன்னெண்டு மணி நேரமா?"

"எவ்வளவு பெருசாகும்னு உங்களால சொல்ல முடியுமா சார்?"

"அதத் தெரிஞ்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

முதல்வர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். பன்னிரண்டு இரண்டாகச் சுருங்கியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஃபோர்மேன் இரண்டு முறை உப்பு கேட்டார். இரண்டு முறையும் அம்மாள் காதில் அது விழவில்லை.

வகுப்பு தொடங்கியது. மொத்தம் பதினாறு பேர். காலையில் கல்லூரி, மதியம் தொழிற்சாலை. அவர்களில் ஒரு பெண்ணுக்கு உடன் படிக்கிறவர்கள் வைத்த பெயர் 'ஏன்'. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். இந்த போல்ட்டை முதலில் கழற்று என்றால், ஏன் சார் இது முதலில்? முப்பது வருடமாகக் கழற்றுகிற ஃபோர்மேனுக்கே பதில் தெரியாது. வாயை மூடிக்கொண்டு கழற்று என்று சொல்லவும் மனம் வரவில்லை. கேட்டது நல்ல கேள்வியாயிற்றே.

ஒருநாள் கிரீஸ் துடைத்துக்கொண்டே ஒரு மாணவன் சொன்னான். "சார், உங்களுக்கும் அந்த மேடத்துக்கும் ஆகாதாமே. கல்லூரியில பேசிக்கிறாங்க."

"அப்படியா பேசிக்கிறாங்க?"

"எங்களுக்கே மேடத்தப் பாத்தா நடுக்கம் சார். வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருப்பாருல்ல, அவரு நெலமைய நெனச்சுப் பாருங்க."

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டார். "நெனச்சுப் பாத்தேன்பா. பாவம்தான் அந்த மனுஷன்."

அந்த மனுஷனுக்கு அப்போது வேறொரு தலைவலியும் இருந்தது. பாட்டில் கழுவும் பகுதிக்குச் சுடுதண்ணீர் அனுப்புகிற பம்ப் இருபது நாளைக்கு ஒரு பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. பம்பின் அச்சும் மோட்டாரின் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கோணினால் பேரிங் போய்விடும். அவர் நான்கு முறை அளந்து, முடியளவு பிசகில்லாமல் நேராக்கியிருந்தார். அப்படியும் போனது. புதுப் பாட்டில்களுக்காக மூன்று மாதத்துக்கு முன்பு தண்ணீரின் சூட்டைக் கூட்டியதிலிருந்துதான் இந்தக் கூத்து. தண்ணீருக்கும் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் அதை விட்டுவிட்டார்.

ஐந்தாவது முறை அளந்தபோது மாணவர்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க அளக்கும்போது பம்ப் ஜில்லுன்னுதானே இருக்கு?" என்றாள் 'ஏன்'.

"நிறுத்தி வெச்சா ஜில்லுன்னுதான் இருக்கும்."

"ஓடும்போது சூடாயிருமே. அப்ப பம்ப் கொஞ்சம் உசந்துடாதா? மோட்டார் அவ்வளவு சூடாகாதே. அது இருந்த எடத்துலயே இருக்கும்."

ஃபோர்மேன் கையிலிருந்த அளவுமானியைக் கீழே வைத்தார். "இத யாரு சொன்னா?"

"மேடம்தான் சார். ரெண்டு மணி நேரப் பாடத்துல."

தரையிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டாள். அடித்தளத்திலிருந்து அச்சு வரைக்கும் நாற்பது சென்டிமீட்டர். ஏறுகிற சூடு அறுபது டிகிரி. விடை கால் மில்லிமீட்டர். கால் மில்லி என்றால் ஒரு பேரிங்குக்குச் சாவு மணிதான் என்பது ஃபோர்மேனுக்குக் கணக்கில்லாமலே தெரியும். அவருக்குக் காது சூடானது. அதோடு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இரண்டையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மோட்டாருக்கு அடியில் கால் மில்லித் தகடு வைத்துப் பார்ப்பதாக முடிவாயிற்று. செய்தி மேலாளருக்குப் போய், அங்கிருந்து முதல்வருக்கும் போய், மறுநாள் இருவரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மதிப்பெண் போட அம்மாளும் வந்தார். பெரியவர்கள் வருகிறார்களே என்று ஃபோர்மேன் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார்.

தகடு வைத்தாயிற்று. பம்ப் ஓடிச் சூடேறியதும் நிறுத்தி, உடனே அளக்க வேண்டும். அதற்கு வசதியாக, சுழலும் இணைப்பின் மேலிருந்த பாதுகாப்பு மூடியை ஃபோர்மேன் மாட்டாமலே விட்டிருந்தார். மாணவர்களுக்குச் செய்யவே கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்த காரியம். ஆர்வம் கண்ணை மறைத்தது. பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். பொத்தான் போடாத சட்டைக்கை காற்றில் படபடத்தது.

"ஏங்க!"

பம்ப் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் வந்தது. ஃபோர்மேன் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். 'ஏன்' ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பம்ப் நின்றது. அம்மாள்தான் நிற்கவில்லை.

"காலையில இஸ்திரி போடும்போதே சொன்னேனா இல்லையா? மெஷின்கிட்ட போற ஆளுக்கு முழுக்கைச் சட்ட எதுக்குன்னு? என் பேச்ச என்னைக்குக் கேட்டீங்க? கை போயிருந்தா நான் என்ன..."

அப்போதுதான் அறை முழுக்க ஆட்கள் நிற்பது அம்மாளுக்கு நினைவுக்கு வந்தது.

முதல்வர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். மேடத்தின் வீட்டுக்காரருக்காகப் பரிதாபப்பட்ட மாணவன் மெல்ல நகர்ந்து ஒரு குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இவங்க என் வீட்டம்மா" என்றார் ஃபோர்மேன். "சொல்லணும்னுதான் இருந்தோம். சந்தர்ப்பம் அமையல."

"ஆறு வாரமாவா?" என்றார் முதல்வர்.

"அளக்கணும் சார், பம்ப் ஆறிடும்" என்றாள் 'ஏன்'. யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஃபோர்மேன் குனிந்தார். அளவுமானியின் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது; சூட்டிலும் இரண்டு அச்சும் நேர். அம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி நேரமே போட்டுக்க" என்றார் ஃபோர்மேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"மூடி மாட்டுறதுக்கு ஒரு மணி நேரம் நீங்க சேத்துக்கோங்க."

அந்தப் பேரிங் இரண்டு மாதம் தாண்டியும் ஓடியது. பயிற்சி முடிந்து பதினாறு பேரில் பதினொரு பேருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. 'ஏன்' பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மேனுக்குக் கீழேயே சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவர் ஆரம்பித்துவிடுவார். ஒரு சாயங்காலம் இப்படி:

"உன் சிஷ்யை இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டா பாரு. எட்டு மணிக்குக் கேட்டா. இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு வேற வேலை ஓடல."

"என்ன கேட்டா?"

அவர் சொன்னார். அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "தெரியலையே" என்றார்.

ஃபோர்மேனுக்கு அன்று சாப்பாடு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.