நாற்பத்து மூன்றாவது பெயர்

அரிவாளைத் தேட நேரமில்லை. சாம்சன் குனிந்து, முற்றிய நெல்லை இரண்டு கையாலும் வேரோடு பிடுங்கினான். மண்ணைக்கூட உதறாமல் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினான்.

சமுதாயக் கூடத்து ஒலிபெருக்கி சற்றுமுன்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தது. தரிசு. ஏரிக்குக் கீழே உள்ள பதினெட்டு ஏக்கரும் ஐந்து வருடமாகத் தரிசு; ஆகவே விளைநிலத்தைக் குடியிருப்பு மனைகளாக மாற்ற... அதற்குமேல் கேட்க அவன் நிற்கவில்லை.

அந்தப் பதினெட்டில் இரண்டரை ஏக்கர் அவன் குத்தகைக்கு உழுவது. நிலம் சென்னைக்காரருடையது. மனை போட்டுவிட்டால் சாம்சன் புதுவாயல் ஜங்ஷனில் போய் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதுக்காரனை எந்த வேனும் ஏற்றாது.

பொங்கலுக்கு மறுநாள் யாரோ நட்டுவிட்டுப் போன மஞ்சள் அளவுக்கல்லைத் தாண்டினான். வாய்க்கால் கரை ஆளில்லாமல் கிடந்தது. மற்ற நாளென்றால் இந்நேரம் செண்பகத்தின் குரல் கேட்கும். நூறு நாள் வேலைக்கு அவன் மனைவிதான் பொறுப்பாளர். கரையில் நின்று பெண்களை வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நாலு வயல் தள்ளி நிற்கும் சாம்சன் அந்த வரிசையைக் கேட்டுக்கொண்டேதான் மடை திறப்பான். இன்று குடியரசு தினம், வேலை இல்லை. கிராம சபை.

கூடத்துக்குள் நுழைந்தவன் நேராகப் போய், ஊராட்சி செயலர் முரளியின் மேஜைமேல் நெல்லைப் போட்டான்.

"இன்னா சார், இதான் தரிசா? மோந்து பாருங்க."

கூடம் சிரித்தது.

"மேஜைய தொடைக்க நீயே வந்துரு சாம்சன்," என்றாள் நூறு நாள் வேலைக்கு வரும் ரோசம்மாள். "அதையும் நூறு நாள் கணக்குல ஏத்திக்கலாம்."

சிரிக்காதவன் காலனிப் பையன் ஜெகன் ஒருவன்தான். ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடு வந்திருந்தான்.

"கோச்சிக்காதண்ணா. ஒத்த ரூமு ஊட்ல நாங்க ஏழு பேரு. நான் வேல முடிச்சி வந்தா, எங்கம்மா பாயை உட்டு எழுந்தாதான் எனக்குப் படுக்க எடம். ஒன்றரை செண்டு மனை வந்தா தவணையில வாங்கிடுவேன். உன் நெல்லு மேலயா போய் படுக்கச் சொல்ற?"

அதில் பொய் இல்லை என்பது சாம்சனுக்கும் தெரியும். அதனால்தான் குரல் இறங்கியது.

"வாங்குடா. நான் வேணான்னா சொல்றேன்? ஆனா எங்க வாங்கற? ஏரித் தண்ணி வடியற எடத்துல. லோடு லோடா மண்ணக் கொட்டி மேடாக்கிடுவான். அப்புறம் அந்தத் தண்ணி எங்க போவும்? நேரா நம்ம காலனிக்குத்தான். போன மழையில உங்கம்மாவ யாரு தோள்ல தூக்கினு வந்தது?"

ஜெகன் தலையாட்டினான். "நீதாண்ணா," என்றான்.

"வேணான்றவங்க கை தூக்குங்க," என்று யாரோ கத்தினார்கள்.

கைகள் எழுந்தன. கடைசியில் ஜெகனுடையதும் எழுந்தது. சாம்சன் பெண்கள் பக்கம் திரும்பினான். சுவரோரம் உட்கார்ந்திருந்த செண்பகம் மட்டும் கை தூக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொண்டான்.

முரளி நெல்லை மெதுவாக ஓரம் தள்ளினார்.

"கை தூக்கினீங்க, சரி. ஆனா இது ஓட்டுக்கு வெச்சதில்ல. தகவலுக்குப் படிச்சது. நவம்பர் கூட்டத்துலயே தீர்மானம் ஆயிடுச்சி. தரிசு, ஊருக்கு ஆட்சேபணை இல்லன்னு நாப்பத்தி மூணு பேரு கையெழுத்து, கைநாட்டு. ஃபைலு திருவள்ளூர் போயி ரெண்டு மாசம் ஆச்சு."

"நவம்பர்ல ஏது கூட்டம்? இந்தக் கூடத்துக்குள்ளயே முட்டி வரைக்கும் தண்ணி."

"நடந்ததா நோட்டுல இருக்கு."

"இந்தக் கையெழுத்த எவன் போய் வாங்கினான்? பேரப் படிங்க சார். ஒவ்வொரு பேரா படிங்க."

முரளி ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். "கன்னியம்மா. ரோசம்மாள்..."

"நானா?" ரோசம்மாளின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "நான் எங்கடா போட்டேன்? இதெல்லாம் இன்னா பேஜாரு."

"...திலகவதி. லட்சுமியம்மாள். ஹெலன்..."

சாம்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லட்சுமியம்மாளுக்கு அடுத்து ஹெலன் வருவாள் என்று முரளி சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஹெலனுக்கு அடுத்து அஸ்வினி. வந்தாள். அடுத்து சம்பூர்ணம். வந்தாள். மடை திறக்கும்போது காதில் விழுகிற அதே வரிசை. ஒரு பேர்கூட இடம் மாறவில்லை.

அந்த வரிசையில் கூப்பிடுகிறவளின் பேர் எப்போதும் கடைசி.

முரளி நாற்பத்து இரண்டு முடித்துவிட்டுத் தயங்கினார். கண் ஒருமுறை சுவர்ப் பக்கம் போய் வந்தது.

"போதும் சார்," என்றான் சாம்சன். "மிச்சம் எனக்குத் தெரியும்."

அவனும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகன் பேரை வைத்துத்தான் எப்போதும் அவனைக் கூப்பிடுவாள். இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஸ்டீவன் நைனா. கல்லு நட வந்தாங்க பாரு, அன்னிக்குதான் எனக்கே புரிஞ்சிது. உன் மொகத்தப் பாத்து சொல்ல வாய் வரல. வேலைக்கு வரவங்க லிஸ்டுன்னு சொல்லி சார் குடுத்தாரு. மேல ஒரு எழுத்து இல்ல, வெறும் பேப்பரு. அந்த மழையில, நனையாம ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிக்கினு, ஊடு ஊடா போய் கையெழுத்து வாங்கினவ நான்தான்."