ஈரச்சாக்கு

கச்சான் காற்று விடியும்போதே எழும்பிவிட்டது. வெளியூர்க்காரன் அதைக் காற்று என்று நினைப்பான். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நாட்டாமைகளுக்கு அது அடுப்பு வாய்.

அன்றைக்கு ஏற்ற வேண்டியது கோதுமை மா, சீனி, செத்தல் மிளகாய். எல்லாம் யாழ்ப்பாணத்துக்கு. சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். அங்குள்ள சனத்தின் வயிறு இந்தக் கப்பலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெட்டியில் அடுக்கியிருக்கும் மூட்டைகளை நேவியின் நாய் வெடிமருந்து இருக்கிறதா என்று மோந்து கடந்த பிறகுதான் ஒரு நாட்டாமை அதில் கை வைக்கலாம்.

நாய்க்குப் பெயர் றோணி. கரிக்கறுப்பு. அதைப் பிடித்திருந்தவன் சுமணபால, குருநாகல் பக்கத்துச் சிங்களப் பொடியன், உடைந்த தமிழ் பேசுவான். வழக்கமாக வெயில் ஏறுமுன் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு மாற்றுக்கு வருகிற மற்ற நாயை அன்றைக்கு வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பலுக்குக் காவலாக வருகிற படகுகள் அன்று பின்னேரமே வெளிக்கிடுகின்றன, அதற்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அதனால் கொட்டிலுக்குள் கதிரை போட்டு இருந்த அதிகாரி வேலையை நிறுத்த விடவில்லை.

நாய் கொங்கிறீற்றில் காலை மாற்றி மாற்றித் தூக்கியது.

"பார் மச்சான், நமக்கெண்டாலும் செருப்பு இருக்கு," என்றான் கிண்ணியா றஊப், மூட்டையை முதுகில் சரிசெய்தபடி. "நேவியில சேந்தும் அதுக்கு ஒரு சோடி சப்பாத்துக் குடுக்கல்ல."

"கதையை விட்டிட்டு நட றஊப் காக்கா. பாக்கிறாங்கள்," என்றான் பின்னால் மூட்டையோடு வந்த பாக்கியரத்தினம்.

சுமணபால கொட்டிலுக்குப் போய்ச் சலூட் அடித்து ஏதோ கேட்டான். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"என்னவாம் சேர்?" என்று பாக்கியரத்தினம் கேட்டான்.

"நாய் பெரிசா, கப்பல் பெரிசா கேக்குது." நாயின் தொங்கிய நாக்கைக் காட்டினான். "இப்பிடி வாய் தொறந்து இளைச்சா மூக்கு வேலை இல்லை, அண்ணே. சும்மா நடக்குது."

மூக்கு வேலை செய்யாத நாயை மூட்டை மூட்டையாக இழுத்துக்கொண்டு போனான். அது கடந்துபோன மூட்டைகளை இவர்கள் தூக்கினார்கள். அது ஒன்றையும் மோக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டிலுக்குள் இருந்தவருக்குத் தெரிந்ததோ என்னவோ, கேட்க எவனுக்கு வாய் இருந்தது?

மிளகாய் அடுக்கடியில் நாய் இரண்டு தரம் தும்மியது. பின்னங்கால்கள் கள்ளுக் குடித்தவனுடையதைப் போலப் பின்னின. அப்படியே சரிந்துவிட்டது.

"தண்ணி! தண்ணி!"

பாக்கியரத்தினம் பீப்பாவில் வாளியை விட்டு அள்ளினான். வெயிலில் கிடந்த தண்ணீர், கை சுட்டது. அதுதான் இருந்தது. நாய் குடிக்கவில்லை. கொட்டில் நிழல் அதிகாரிக்கு. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நாயை லொறிக்கு அடியில் இழுத்துக் கிடத்தினார்கள்.

உச்சி வெயிலில் நாட்டாமைகள் தங்களுக்குச் செய்வது ஒன்றுதான். வெறுஞ்சாக்கை நனைத்து இரண்டாக மடித்து முதுகில் போட்டுக்கொள்வார்கள். போன வருசம் றஊப் மயங்கி விழுந்தபோதும் பாக்கியரத்தினம் அதைத்தான் செய்தான். அவன் எழும்பி வெற்றிலை கேட்டான். இப்போதும் ஒரு சாக்கை நனைத்து, கழுத்திலிருந்து வால்வரை நாயை மூடினான்.

"நல்லதா?" என்று கேட்டான் சுமணபால.

"எங்கட ஆக்களுக்கு இப்பிடித்தான் சேர் செய்யிறனாங்கள். குளிந்திடும்."

"பாருங்க அண்ணே. நான் டொக்டர் கூட்டி வாறது." அவன் ஓடினான்.

நாய் அடங்கிக் கிடந்தது. சுகப்படுகிறது என்று பாக்கியரத்தினம் நினைத்தான். தினம் காலையில் துறைமுக வாசலில் அவன் சாப்பாட்டுப் பார்சலில் மூக்கை விடுகிற நாய், ஒருநாளும் அதன் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குத் தெரிந்த பாஷை சிங்களம். அவனுக்குத் தெரிந்ததோ சோதனைச்சாவடிச் சிங்களம். அதில் ஆறுதலுக்கு ஒரு சொல்லும் இல்லை.

சாக்குக்கு அடியில் கையை விட்டான். பிட்டுப் பானையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தான். இன்னும் ஊற்றி, சாக்கை இன்னும் இறுக்கமாகப் பொத்தினான். நாயின் பல்முரசு கறுத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் ஊற்றினான். வேறென்ன செய்வது? செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளில் வந்த மிருக வைத்தியர் இறங்கும்போதே சத்தம் போட்டார். சாக்கைப் பிய்த்து எறிந்தார். தொப்பியால் விசிறினார், வயிற்றைத் தடவினார், காலிடுக்கில் விரலை வைத்து நாடி பார்த்தார். பிறகு விசிறுவதை நிறுத்திவிட்டார். சிங்களத்தில் அவர் சொன்னதில் பாக்கியரத்தினத்துக்கு விளங்கியது கொஞ்சம்: நாய் மனிசன் இல்லை, அதற்கு வேர்க்காது, காற்றுப்பட வேண்டிய உடம்பைச் சாக்குப் போட்டு அவித்துவிட்டீர்கள்.

யார் மூடியது என்று கேட்டார்.

பாக்கியரத்தினம் தூரக் கிடந்த சாக்கைப் பார்த்தான். உப்புவெளியில் வீடு, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள். நேவியின் நாயைக் கொன்ற தமிழன்.

சுமணபால நெஞ்சில் கையை வைத்தான். தான்தான் என்றான்.

வைத்தியர் அவனைக் கண்டபடி ஏசிவிட்டுக் கொட்டில் பக்கம் போனார். சுமணபால குனிந்து நாயின் கழுத்துப்பட்டியைக் கழற்றப் பார்த்தான். கொளுக்கி கழலவில்லை.

"சேர், நான் தெரியாமல்..."

"வாய் மூடு." அவன் நிமிரவில்லை. "நீ சொன்னா உன்னைக் கொண்டு போறது. பிறகு என்னைக் கேக்கிறது, ஏன் தமிழன் கையில நாய் குடுத்தது எண்டு. அது இதைவிட மோசம்."

நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா என்று பாக்கியரத்தினம் தவிப்பதற்குள் வாகனம் வந்துவிட்டது. வைத்தியரைக் கூட்டிவர வராத வாகனம் இதற்கு வந்தது. ஆளுக்கு இரண்டு காலாகப் பிடித்துத் தூக்கினார்கள். அரை மூட்டைப் பாரமும் இல்லை. தலை மட்டும் தொங்கி ஆடியது. அதைத் தாங்கப் பாக்கியரத்தினத்திடம் இன்னொரு கை இல்லை.

சுமணபாலவைக் கொட்டிலுக்கு வரச் சொன்னார்கள். தொப்பியை நேராக்கிக்கொண்டு போனான்.

"மிச்ச மூட்டையளைக் கம்பியால குத்திப் பாப்பினமாம்! வாங்கோடா, கப்பல் நிக்குது!" என்று கங்காணி கத்தினார்.

"சுமணபால என்ன மச்சான் சொன்னவன்?" என்று றஊப் காதோடு கேட்டான்.

"ஒண்டுமில்லை."

பாக்கியரத்தினம் மிளகாய் அடுக்கடிக்குப் போய்க் குனிந்து முதுகைக் கொடுத்தான்.