பட்ஜெட் தாண்டாத படகு

பாதியாரின் வீடு தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றுதான் ப்ளைவுட் விலையும் ஏறியது. தெருவில் முதலில் பேசப்பட்டது ப்ளைவுட்தான்.

பாதியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பொதுப்பணி அலுவலகத்தில் மதிப்பீடு சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பாலமானாலும் கழிப்பறையானாலும் செலவைப் பாதியாக்கித் திருப்பி அனுப்பியவர். அவர் கைபட்ட பாலம் ஒன்று நடு ஆற்றோடு நின்றுபோய், தூண்டில் போட இன்றைக்கும் வசதியாக இருக்கிறது. அந்த நாற்காலிக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஏரி. அக்கரையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள், வாசலில் மரக் கயாக் கட்டப்போவதாக அறிவித்தார். ஓராள் காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு அது. அதில் ஏறி ஒருமுறை அக்கரைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். பலகை, பசை, செப்புக் கம்பி, வார்னிஷ், துடுப்பு என்று மதிப்பீடு போட்டார். பழக்கதோஷம், அதையும் பாதியாக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மனைவி அந்தக் கையெழுத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். “இதுக்கு மேல ஒரு பைசா கூடிச்சோ, படகு வெந்நீர் அடுப்புக்குத்தான். சொல்லிட்டேன்.”

அந்தத் தொகைக்குக் கடையில் பசையும் கம்பியும் துடுப்பும் கிடைத்தன. துடுப்பில் மட்டும் அவர் எதையும் பாதியாக்கவில்லை, அரசர் கையில் இருக்கவேண்டிய துடுப்பு.

“படகு எங்க சார்?” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “வீட்டுலதான் இருக்கு, இன்னும் கழட்டல” என்றார் பாதியார்.

பொய்யில்லை. முதலில் பரண் பலகைகள் வாசலுக்கு வந்தன. பிறகு அலமாரியின் முதுகு, கட்டில் சட்டம், ஊஞ்சல், கடைசியில் அறைக் கதவுகள். எல்லாவற்றுக்கும் செலவு பூஜ்யம் என்று எழுதி எழுதி மனிதர் பூரித்துப்போனார். குளியலறைக்குக் கதவு இல்லாததால் மனைவி உரக்கப் பாடிக்கொண்டே குளித்தார். பாட்டு நின்றால்தான் மற்றவர்கள் அந்தப் பக்கம் போகலாம். ஒவ்வொரு பலகை வெளியேறியபோதும் வீடு பெருமூச்சு விட்டு லேசானது. வாசற்கதவும் கழன்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, வீடு மேலே எழும்பியது. வார இறுதிக்குள் இடுப்பளவு. கேஸ் சிலிண்டர்காரர் மாடிக்கான கூலி கேட்டார். பாதியார் மாடியே இல்லையே என்று வாதாடிப் பாதி கொடுத்தார். வீடு காற்றில் நழுவிவிடாதபடி கயிற்றால் படகோடு கட்டிவைத்தார்கள்.

படகு அழகாகத்தான் வந்தது. நகரத்தான் மறுத்தது. தெருவே கூடித் தம் கட்டித் தூக்கியது. பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு இடுப்பு பிடித்ததே மிச்சம்.

“வண்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்தா ஏரி வரைக்கும் இழுத்துடலாம்” என்றார் பாதியார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

“பட்ஜெட்ல வண்டி இருக்கா?”

இல்லை. அவர் படகுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, தரையிலேயே துடுப்பைப் போட்டார். புழுதிதான் கிளம்பியது. பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே, கதவில்லாத நிலைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“என்னங்க, வீட்டோட கனத்தையெல்லாம் அதுக்குள்ள அடைச்சு வச்சிட்டு, அதைப் போய் மிதக்கச் சொன்னா எப்படி மிதக்கும்? மிதக்கிறது இங்க இருக்கு. துடுப்பை எடுத்துக்கிட்டு ஏறி வாங்க.”

அவர் ஏறியதும் மனைவியே கயிற்றை அவிழ்த்தார். வீடு தென்னை உயரத்துக்கு எழுந்து, தெருவைத் தாண்டி, ஏரிமேல் மெதுவாக இறங்கியது. பாதியார் நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போட்டார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. பழைய அலுவலக ஜன்னலைக் கடக்கும்போது, புதிய மதிப்பீட்டாளர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

அக்கரையில் பார்க்க விசேஷமாக ஒன்றுமில்லை. பாதியார் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். மறுநாளும் போனார்.

இப்போது பால்காரர் பாக்கெட்டைப் படகுக்குள் வைத்துவிட்டுப் போகிறார். கறிவேப்பிலை போதாவிட்டால் மனைவி துடுப்பைத் தானே எடுத்துக்கொண்டு அக்கரைச் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறார். வீடு பாதி நாள் இடத்தில் இருப்பதில்லை என்பதால், நகராட்சி வீட்டு வரியைப் பாதியாக்கியிருக்கிறது.